தஞ்சை, கும்பகோணம் பக்கம் நேரில் பார்க்க மனநல ஆலோசகர் தேவை

என் அக்கா இங்கே டெல்டாவில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், கொரோனா வார்டில் நைட் டூட்டி பார்த்தார். நோயாளிகளுக்குத் தன் போனிலேயே வீட்டாரோடு வீடியோ கால் போட்டுக் கொடுப்பார். சிலருக்கு அதுவே கடைசிப் பேச்சு.

அப்போது அழவில்லை. இப்போதுதான் எல்லாம் வருகிறது. இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூக்கமில்லை. போன தை மாதம் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ரிவர்ஸ் எடுத்த பீப் சத்தத்துக்கு, சாதக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். வார்டு மானிட்டர் மாதிரியே கேட்டதாம்.

டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையைப் பத்து நாள் போட்டார். காலையில் மந்தமாக இருந்தது. டூட்டியில் மருந்து மாறிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். ஒரு மாதம் லீவு போட்டும் பார்த்தாயிற்று, வீட்டில் இருந்தால் இன்னும் அதிகமாகிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசிய அன்று தூங்கினார். ஆனால் எதிரில் உட்கார்ந்து தொடர்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்கிறார். வேலை பார்க்கும் இடத்திலேயே போய்க் காட்டத் தயக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடியில் மாலை 4 மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ இதற்கு நேரில் ஆலோசனை தரும் மனநல மருத்துவர், உளவியலாளர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?