செம்புலப் பெயல்நீரை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

கரிசல்காட்டான்:
குறுந்தொகை 40. செம்மண்ணில் பெய்த மழைநீர் மாதிரி நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று காதலன் காதலியிடம் சொல்வது. பாட்டை நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை, பாதிக் கல்யாணப் பத்திரிகைகளில் அதுதான் இருக்கிறது. எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். மழை பெய்தால் எங்கள் மண் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும்; ஓடுகிற தண்ணீர் சாம்பலைக் கரைத்த மாதிரி இருக்கும். சிவப்புத் தண்ணீர் எனக்குப் படித்துத்தான் பழக்கம்.

போன ஐப்பசியில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கை கழுவப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டுத் தாழ்வாரத்தில் இருந்து கண்ணாடி மாதிரி விழுகிற தண்ணீர், தரையைத் தொட்டு இரண்டடி நகர்வதற்குள் சிவந்துவிடுகிறது. அந்த இரண்டடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் நிறம் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அப்புறம் பந்தியில் வைத்த அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டில் படித்ததைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு மாமா சாக்கடைத் தண்ணியப் பிடிக்கிறீங்க?" என்றான் மாப்பிள்ளையின் தம்பி.

மறுநாள் காலை வீட்டில் பையைத் திறந்தால், அடியில் ஒரு விரற்கடைக்குச் சிவப்புச் சேறு. மேலே தண்ணீர் தனியாக நிற்கிறது, லேசான பழுப்பு, அவ்வளவுதான். வீட்டுக்காரி தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு ராத்திரி தாங்கலையே உங்க புலவர் காதல்" என்றாள். அப்போது சிரித்தேன். ஆனால் அது இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. பாட்டில் வருகிற நிலத்தை நேரில் போய்ப் பார்த்து இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது உண்டா?

தேரிமணல்:
அண்ணே, நீங்கள் பார்த்தது செம்புலமே இல்லை. செம்புலம் வேண்டுமென்றால் எங்கள் குதிரைமொழித் தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்கு, வாருங்கள். வெயிலில் கண் கூசுகிற சிவப்பு.

கல்லூரியில் இந்தப் பாட்டு நடத்திய அன்று ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் நானும் ஒரு கூட்டாளியும் சைக்கிளில் தேரிக்கு ஓடினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. ஓடின தடம்கூட இல்லை. கையால் தோண்டினால் ஒரு சாணுக்கு ஈரம், ஆட்டு ஈரல் நிறத்தில். அதற்குக் கீழே பழையபடி பொலபொலவென்று உலர்ந்த மணல். கலப்பதெல்லாம் இல்லை அண்ணே, மண் தண்ணீரைக் குடித்துவிட்டது. ஒருத்தர் இன்னொருத்தரை விழுங்குகிற காதல்தான் அந்தப் பாட்டில் இருக்கிறது என்று வாத்தியாரிடம் சொன்னேன். "பரீட்சையில இத எழுதிடாத" என்றார்.

மலைப்பாதை:
தேரிமணல், திணையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அது குறிஞ்சித் திணை, மலை நிலத்துப் பாட்டு. கடலோர மணல் மேட்டைக் கொண்டுவந்து மலைச்சாரலில் போட்டால் எப்படி? சரிவான செம்மண்ணில்தான் தண்ணீர் நிறம் ஏறி ஓடும். கரிசல்காட்டான் அண்ணனுக்கும் ஒன்று: அவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் பயப்படுகிறாள், அதைப் பார்த்துத்தான் அவன் இப்படிச் சொல்கிறான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. ஆக, பாட்டிலில் பிரிந்தது பற்றி முதலில் கவலைப்பட்டது அந்தப் பெண்தான், நீங்கள் இல்லை.

என் கதை சின்னது. 2018 குறிஞ்சி பூத்த வருஷம். ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுப் பாதை உடைந்து, இரண்டு தடவை பயணம் தள்ளிப்போய், கடைசியில் இரவிகுளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் பூவைப் படம் எடுக்கிறார்கள், நானும்தான். அப்போது தூறல் விழுந்தது. கேமராவைச் சட்டைக்குள் மறைத்துக் குனிந்தபோது தண்டு கண்ணில் பட்டது. நனைந்து, கருத்து, குச்சி குச்சியாக. "கருங்கோற் குறிஞ்சி" என்று எத்தனையோ தடவை படித்தவன், அதற்கு முந்தின நிமிஷம் வரை அந்தக் "கருங்கோல்" என்ற சொல்லைப் படித்ததே இல்லை என்று தோன்றியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலை முழுக்க ஊதாவாகக் கிடக்கிறது, அதைப் பாடிய தேவகுலத்தார் குச்சியின் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இனி 2030.

ஊரணிக்கரை:
கரிசல் தம்பி, நீங்கள் பிடித்தது ஓடுகிற தண்ணீர். அதில் மணல் சேர்ந்து வரும், ராத்திரியோடு அடங்கிவிடும். ஊரணித் தண்ணீரைப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் ஊரணி மாசக் கணக்கில் தெளியாது. ஆறாம் வகுப்புக்கு வெளியூர் விடுதியில் சேர்ந்தபோது, முதல் நாளே ஒரு பெண் என் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்து, "உங்க ஊர்த் தண்ணி செவப்பா?" என்று கேட்டாள். புதுச் சட்டை, ஒரே ஒரு தடவை துவைத்தது. எவ்வளவு நீலம் போட்டும் அந்தக் காவி போகவில்லை. அதனால் தண்ணீரும் மண்ணும் பிரிந்துவிடும் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. தெளியவே தெளியாது என்றும் இல்லை, அதற்குத் தேத்தாங்கொட்டை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், தட்டையாக, பொத்தான் அளவில் இருக்கும். புழுத்தது வேண்டாம், பளபளவென்று இருப்பதாகப் பார்த்து எடுங்கள். மண்பானையின் உள்பக்கம் சொரசொரப்பான இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, கொட்டையைச் சந்தனம் உரசுகிற மாதிரி உரச வேண்டும். நாலைந்து சுற்று போதும்; அளவு மீறினால் தண்ணீர் துவர்க்கும். அப்புறம் கலங்கல் தண்ணீரை ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி, மூடி வைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க யாரும் பானையைத் தொடக்கூடாது. விடிந்ததும் மேலாக மொண்டுகொள்ளலாம். அடியைக் கலக்கினால் என் அப்பத்தாவிடம் அடி விழும். குடிப்பதாக இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள், தெளிந்ததெல்லாம் சுத்தம் இல்லை. பிளாஸ்டிக் குடத்தில் உரசிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், வழுக்கும்.

கலித்தொகையிலேயே இது வருகிறது. காதலன் திரும்பி வந்ததும் கலங்கிக் கிடந்த பெண் மனம் தெளிகிறாள், இந்தக் கொட்டையைத் தேய்த்த பானைத் தண்ணீர் மாதிரி. அங்கே தெளிவதுதான் காதல்! செம்புலப் பெயல்நீரார் கலந்ததோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஊரில் குடிதண்ணீருக்குக் கஷ்டம் இல்லை போல.

தேரிமணல்:
அக்கா, காதல் பாட்டைக் கேட்டால் குடிநீர் வாரியத்தைத் திறந்துவிட்டீர்கள். மலைப்பாதை, சரிவு என்று பாட்டில் எங்கே இருக்கிறது? செம்புலம் என்றுதானே இருக்கிறது.

பின்சீட்டு:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். எனக்குப் பிரான்மலைப் பக்கம், அதாவது பாரியின் பழைய பறம்பு. அப்பா போனபிறகு, போன தை மாதம் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிவந்தேன். காரில் அம்மா பின்சீட்டில், முகத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கழுத்து வலிக்கும் என்றேன். "மலை தெரியுதுடா இன்னும்" என்றார்கள். சிங்கம்புணரி தாண்டினோம். "இன்னும் தெரியுது." ஒரு டீக்கடையில் நிறுத்தினேன், டீயை வாங்கிக்கொண்டு மலை இருந்த பக்கமாகத் திரும்பி நின்றார்கள். அப்புறம் கார் ஒரு திருப்பத்தில் வளைந்தபோது, நேராக உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புறநானூறு 114. பாரி செத்த பிறகு அவன் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கபிலர் போகிறார். இங்கே நின்றாலும் தெரிகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றாலும் தெரிகிறது அவன் குன்று, என்கிறார். பாரியின் கொடைப் பெருமையைச் சொல்கிற பாட்டு என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அவர் அந்தப் பெண்களுக்குக் கழுத்து வலிப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

மலைப்பாதை:
தேரிமணலுக்குப் பதில் எழுதிவைத்திருந்தேன். வேண்டாம், விடுங்கள்.

கரிசல்காட்டான்:
ஊரணிக்கரை அக்கா, தேத்தாங்கொட்டை வாங்கிவந்தேன். ஆனால் அதற்குள் வீட்டுக்காரி பாட்டிலைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கரிசல் மண்மேல் வட்டமாகச் சிவப்பாகக் கிடக்கிறது. பின்சீட்டுத் தம்பி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

பின்சீட்டு:
இருக்காங்க அண்ணே. போன வாரம் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவர்கள், கிழக்கே கையைக் காட்டி அது என்ன மலை என்று கேட்டார்கள். பரங்கிமலை என்றேன். "இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுப் பிழிய ஆரம்பித்துவிட்டார்கள்.