மளிகை, மருந்துக்கடைப் பங்குகள் விலை ஏறிவிட்டதா? பி.இ. குழப்பம், அவசர உதவி தேவை

சாட்ஸ்வொர்த்வாசி
வணக்கம். ஜேஎஸ்இ-இல் (ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை) மளிகைக் கடை, மருந்துக் கடைப் பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். துறையின் சராசரி பி.இ. (பங்கு விலை ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டுப் பார்த்தேன், அவ்வளவு உயரம், தலை சுற்றுகிறது. என் மச்சானோ அதே பங்குகளைப் பார்த்துவிட்டு மலிவு என்கிறான். திங்கட்கிழமைக்குள் விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட்_மணி
எந்தப் பங்குகள்? பி.இ. எவ்வளவு வந்தது? கடந்த 12 மாத லாபத்தை வைத்தா, வரும் ஆண்டு மதிப்பீட்டை வைத்தா? இது எதுவும் இல்லாமல் என்ன சொல்ல?

பீனிக்ஸ்_பறவை
எனக்குத் தெரியும் இது என்னவென்று. சென்ட் விவகாரம். ஜேஎஸ்இ-இல் விலை சென்ட்டில்தான் ஓடும். 25,000 என்று இருந்தால் அது 250 ராண்ட். ஒரு பக்கம் சென்ட், மறுபக்கம் ராண்ட் என்று எடுத்து வகுத்திருப்பீர்கள்.

மிட்ராண்ட்_மணி
அப்படியானால் விடை நூறு மடங்கு தப்பாக வரும் அண்ணா. தலை சுற்றாது, மயக்கமே போட்டிருப்பார்.

பழைய_தரகர்
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் தம்பி. பி.இ. என்பது விலையை ஒரு பங்கின் லாபத்தால் வகுப்பது, அவ்வளவுதான். எந்த லாபம் என்று கேட்கத் தெரியாதவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

டோங்காட்_கரும்பு
கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் திட்டுவதற்கென்றே வருகிறீர்களா ஐயா? எந்த லாபம் என்று நீங்கள்தான் சொல்லுங்களேன்.

சாட்ஸ்வொர்த்வாசி
மன்னிக்கவும், ஃபோனில் இருந்து எழுதினேன். மளிகையில் ஷாப்ரைட், ஸ்பார், பிக் என் பே, மருந்தில் கிளிக்ஸ், டிஸ்கெம், இந்த ஐந்து. ஒவ்வொன்றின் பி.இ.யையும் ஒரு ஆப்பில் எடுத்துக் கூட்டி வகுத்தேன். பிக் என் பே மைனஸ் காட்டியதால் அதை விட்டுவிட்டு நான்கால் வகுத்தேன். மச்சான் மைனஸையும் சேர்த்து ஐந்தால் வகுத்தான்.

மரிட்ஸ்பர்க்_அக்கா
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. இரண்டு பேர் வழியும் சரியில்லை.

பி.இ.க்களைச் சராசரி எடுக்கக் கூடாது. எல்லா நிறுவனங்களின் சந்தை மதிப்பையும் (ஒரு பங்கின் விலை பெருக்கல் மொத்தப் பங்குகள்) கூட்டு, எல்லாருடைய லாபத்தையும் தனியே கூட்டு, அதன்பிறகு வகு. கற்பனை எண்களில் காட்டுகிறேன். முதல் கடை: சந்தை மதிப்பு 100, லாபம் 5, பி.இ. 20. இரண்டாவது: 60, லாபம் 2, பி.இ. 30. மூன்றாவது குட்டிக் கடை: மதிப்பு 10, லாபம் வெறும் 0.1, பி.இ. 100. நீ செய்தபடி சராசரி போட்டால் 50. கூட்டி வகுத்தால் 170-ஐ 7.1-ஆல், அதாவது சுமார் 24. துறை அதேதான், விலையும் அதேதான். லாபம் கிட்டத்தட்ட இல்லாத ஒரு குட்டிக் கடை சராசரியை எங்கோ கொண்டுபோய்விட்டது.

இப்போது நஷ்டக் கடை ஒன்றைச் சேர்: மதிப்பு 10, நஷ்டம் 1, பி.இ. மைனஸ் 10. மச்சான் வழியில் சராசரி 50-இலிருந்து 35-க்கு இறங்கிவிடும். நஷ்டக் கடை வந்து சேர்ந்ததும் துறை மலிவாகிவிட்டது! கூட்டி வகுத்தால் 180-ஐ 6.1-ஆல், 29.5. ஏறியிருக்கிறது. அதுதான் நியாயம், ஏனென்றால் நஷ்டமும் துறையின் கணக்கில்தான் சேர வேண்டும். மைனஸ் பி.இ.க்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது, அதைச் சராசரியில் போடவே கூடாது.

பீனிக்ஸ்_பறவை
அக்கா சொன்னதும் சரி, ஆனால் சென்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய_தரகர்
அக்கா பாதி சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். ஜேஎஸ்இ-இல் பட்டியலிட்ட நிறுவனங்கள் சாதாரண ஈ.பி.எஸ். (ஒரு பங்கின் லாபம்) தவிர ஹெட்லைன் ஏர்னிங்ஸ், அதாவது எச்.இ.பி.எஸ்., என்று ஒன்றையும் வெளியிட்டாக வேண்டும். கட்டடம் விற்ற லாபம், சொத்து மதிப்பைக் குறைத்து எழுதிய நஷ்டம் எல்லாம் அதில் வராது. 2024 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் பிக் என் பே காட்டிய பெரிய நஷ்டத்தில் பெரும்பகுதி அப்படி எழுதிக் குறைத்ததுதான். வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் ஈ.பி.எஸ்.-ஐத்தான் எடுக்கும். ஸ்பார் போலந்தில் இருந்த தன் தொழிலை விற்று வெளியேறியது, அந்த நஷ்டத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் நீங்கள் எடுக்கும் எண்ணைப் பொறுத்தது.

இன்னொன்று. ஷாப்ரைட் கணக்கு ஜூனில் முடியும், கிளிக்ஸ் ஆகஸ்ட், ஸ்பார் செப்டம்பர், டிஸ்கெம்மும் பிக் என் பேயும் பிப்ரவரி. “கடந்த 12 மாதம்” என்று ஆப் சொல்வது ஐந்து பேருக்கும் ஒரே 12 மாதம் அல்ல. இதையெல்லாம் படித்துவிட்டுப் பணத்தைப் போட்டிருக்க வேண்டும்.

டோங்காட்_கரும்பு
கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நல்ல பதில்.

ரஸ்டன்பர்க்_சுரங்கம்
எல்லாரும் பி.இ. கூடுதல் என்றால் ஆபத்து என்றே பேசுகிறீர்கள். பிளாட்டினம் பங்குகளைக் கேளுங்கள். 2021-இல் பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைக்கும் ரோடியம் அவுன்சுக்கு 29,000 டாலரைத் தாண்டியது, சுரங்கங்களின் லாபம் கொட்டியது, பி.இ. ஒற்றை இலக்கம். மலிவு மலிவு என்று வாங்கினார்கள். உலோக விலை விழுந்தது, லாபம் போனது, பங்கு விலையும் போனது. சுழற்சித் துறையில் பி.இ. குறைவாகத் தெரியும்போதுதான் பயப்பட வேண்டும்.

கேப்டவுன்_கேப்
அதற்குத்தான் பொருளாதார அறிஞர் ஷில்லரின் கணக்கு இருக்கிறது. பணவீக்கத்தைச் சரிசெய்து பத்தாண்டு லாபத்தின் சராசரி எடுத்து விலையை அதனால் வகுங்கள். எந்தத் துறைக்கும் இதுதான் மருந்து.

மரிட்ஸ்பர்க்_அக்கா
சுரங்கத்துக்குச் சரி. ஆனால் ஷாப்ரைட் பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த கடையா இப்போது? வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அவர்களுடைய சிக்ஸ்டி60 ஆப் வந்ததே 2019-இல். வளர்ந்துகொண்டே போகும் நிறுவனத்துக்குப் பழைய லாபத்தைச் சேர்த்தால் எப்போதும் விலை அதிகமாகத்தான் தெரியும்.

டோங்காட்_கரும்பு
சிக்ஸ்டி60 என்றதும் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு முதல்நாள் மாலை உளுந்து தீர்ந்துபோய் ஆர்டர் போட்டால் ஒரு மணி நேரத்தில் வாசலில் நிற்கிறான். இந்த மாதிரிக் கடைக்குக் கூடுதல் பி.இ. கொடுத்தால் என்ன தப்பு?

பீனிக்ஸ்_பறவை
உளுந்தை நம்ம மசாலாக் கடையில் வாங்காமல் ஷாப்ரைட்டின் செக்கர்ஸ் கடையில் வாங்குகிறீர்களா? அங்கே பாதி உடைசல்.

டோங்காட்_கரும்பு
வடைக்கு அரைக்கத்தானே போகிறோம்.

பீனிக்ஸ்_பறவை
உடைந்த உளுந்தில் மாவு பொங்காது. என் பெரியம்மாவிடம் கேளுங்கள். பிக் என் பேயின் டெலிவரி ஆப் அசாப் அனுப்புவது இன்னும் மோசம்.

மிட்ராண்ட்_மணி
பங்கைப் பற்றிப் பேசலாமா? யாரும் வட்டியைச் சொல்லவில்லை. பி.இ. 25 என்றால் நூறு ராண்டுக்கு நாலு ராண்ட் லாபம். நம் அரசாங்கப் பத்திரம் பல வருடம் ஒன்பது, பத்து சதவீதம் கொடுத்தது. 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மட்டுமே 8.25 சதவீதம். பிறகு ஏன் கடைப் பங்கு?

ரஸ்டன்பர்க்_சுரங்கம்
பத்திரத்தின் பத்து ராண்ட் பத்து வருடம் கழித்தும் அதே பத்து ராண்ட். கடைக்காரன் பால் விலை ஏறினால் தானும் ஏற்றிவிடுவான். பணவீக்கத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மிட்ராண்ட்_மணி
பிக் என் பே ஏற்றிப் பார்த்ததே, என்ன ஆனது?

மரிட்ஸ்பர்க்_அக்கா
அதனால்தான் துறை என்று ஒரே எண்ணில் அடைக்கக் கூடாது என்கிறேன். கிளிக்ஸ் போட்ட முதலுக்குக் கொடுக்கும் லாபம் வேறு, ஸ்பார் கொடுப்பது வேறு. கூட்டி வகுத்த எண்ணை இதே துறையின் பழைய ஆண்டுகளோடு வைத்துப் பார், அப்புறம் ஒவ்வொரு பங்கையும் அதன் சொந்தப் பழைய பி.இ.யோடு பார். அது உயர்ந்திருக்கிறது, லாப வளர்ச்சி உயரவில்லை என்றால் விலை ஓடிவிட்டது என்று சொல்லலாம். அமெரிக்க வால்மார்ட்டோடு ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை.

தம்பி, திங்கட்கிழமை என்ன விசேஷம்? பணம் எதற்கு வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையே.

கேப்டவுன்_கேப்
ஷில்லருக்கு 2013-இல் நோபல் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை.

பழைய_தரகர்
நோபல் வாங்கியவர் உங்களுக்காக டிஸ்கெம் பார்க்கவில்லை.

சாட்ஸ்வொர்த்வாசி
எல்லாருக்கும் நன்றி. எச்.இ.பி.எஸ். எடுத்துக் கூட்டி வகுத்தேன், பிக் என் பேயின் மலிவுக் கடை நிறுவனமான பாக்ஸரையும் சேர்த்து ஆறு. நான் முதலில் போட்டதைவிட நன்றாகக் குறைந்தது, மச்சான் சொன்ன அளவுக்கு மலிவும் இல்லை. திங்கட்கிழமை மகளின் பல்கலைக்கழகக் கட்டணம், அதற்கு வேண்டியதை மட்டும் விற்கிறேன்.

மரிட்ஸ்பர்க்_அக்கா
கட்டணத்துக்கு என்றால் பி.இ. எவ்வளவாக இருந்தாலும் விற்கத்தான் வேண்டும், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! ஆனால் பாக்ஸரை எப்படிச் சேர்த்தாய்? 2024 நவம்பரில் அதைத் தனியாகப் பட்டியலிட்டபோது பிக் என் பே பெரும்பங்கைத் தானே வைத்துக்கொண்டது. பாக்ஸரின் மதிப்பும் லாபமும் பிக் என் பே கணக்கிலும் இருக்கும், தனியாகவும் வரும். முழுசாகச் சேர்த்திருந்தால் இரண்டு முறை எண்ணியிருக்கிறாய். வெளியாரிடம் இருக்கும் பங்குக்கு உரியதை மட்டும் சேர்.

பீனிக்ஸ்_பறவை
பாக்ஸர் விலையும் சென்ட்டில்தான்.

மிட்ராண்ட்_மணி
தம்பி, திருத்திய எண் எவ்வளவு வந்தது? இருக்கிறீர்களா?