களனி கங்கையை வள்ளத்தில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கொழும்பில், ஆற்றங்கரைத் தொட்டலங்கவில் பிறந்து வளர்ந்தவன் நான். களனி கங்கையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. போன மாசியில் மச்சானின் சிநேகிதர், மட்டக்குளியில் மீன் பிடிக்கிறவர், தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்ததும் மோட்டாரை நிறுத்தினார். மேல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைக்கச் சொன்னார். சப்பென்று இருந்தது. அப்புறம் தக்கை போட்ட போத்தலொன்றைக் கல் கட்டி அடிக்கு இறக்கி, தனியாகக் கட்டியிருந்த நூலால் தக்கையைச் சுண்டினார். மேலே வந்த தண்ணீர் கடல் தண்ணீரேதான்! துப்பிவிட்டேன். "உப்புத் தண்ணி பாரம், அடியால ஏறும் தம்பி" என்றார். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டதால், மழையில்லாத மாதங்களில் உப்புத் தண்ணீர் ஆற்றில் இன்னும் உள்ளே ஏறுகிறதாம். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் உப்பை மறிக்கத் தடுப்புப் போட்டதும் இதனால்தான்.

பாலத்தடியில் நின்றபோது ஊர்ப் பெயர்கள் விளங்கின. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை. பக்கத்துக் கிராண்ட்பாஸும் போர்த்துக்கேயர் வைத்த 'பெரிய துறை'தான். 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வந்த பிறகு அது போய்விட்டது. இத்தனை வருடமாக விலாசத்தில் துறையை எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

– தொட்டலங்கக்காரன்

ஆறு உங்களுக்கு, கால்வாய் எனக்கு. வத்தளைப் பக்கம் ஹமில்டன் கால்வாயில் போனோம். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கியது. மரக்கட்டை மிதக்கிறதென்று துடுப்பால் தள்ளப் போனேன், கட்டை நாக்கை நீட்டியது. கபரகொய்யா, நீரில் வாழும் பெரிய உடும்பு! மீன்கொத்தி, நீர்க்காகம் எல்லாம் இருந்தன, ஆனால் அதற்குப் பிறகு நான் தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன்.

– வத்தளை அக்கா

நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. 2016 வைகாசி வெள்ளத்தில் கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கைக்கே படகு வந்தது. களனி கங்கையை அளக்கும் நாகலகம் வீதியில் நீர்மட்டம் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். அம்மா இன்றைக்கும் மழை பிடித்தால் ரேடியோவில் அந்த ஒரு எண்ணைத்தான் கேட்பார்.

– கொலன்னாவை