முடிவு தெரிந்தும் டைட்டானிக் ஏன் அழ வைக்கிறது?

கேள்வி:
நேற்று இரவு நான்காவது முறையாக டைட்டானிக் பார்த்தேன். 1997இல் வந்த படம். கப்பல் மூழ்கும் என்று உலகத்துக்கே தெரியும், ஜாக் சாவான் என்று எனக்கும் தெரியும், இருந்தும் கடைசிப் பத்து நிமிடம் கண்ணீர் நிற்கவில்லை. பணக்காரப் பெண் ரோஸ், ஏழைப் பையன் ஜாக், கதை அவ்வளவுதான். இதையே கப்பல் இல்லாமல் எடுத்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பேன். என்னை அழ வைப்பது காதலா, விபத்தா?

பதில் 1:
முடிவு தெரிவதால்தான் அழுகிறோம் என்று நினைக்கிறேன். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கப்பல் மூழ்கிய விதத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள், முன்பக்கம் அமிழ்ந்து, பின்பக்கம் எழும்பி, நடுவில் முறிவது வரைக்கும். அப்புறம் பனிப்பாறை மோதுவதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை அந்தப் பெரிய மாடிப்படியிலும், கீழ்த்தளத்து ஆட்டம்பாட்டத்திலும், கொதிகலன் அறையிலும் ஜாக், ரோஸ் பின்னாலேயே நாமும் சுற்றுகிறோம். அதே மாடிப்படியில் தண்ணீர் ஏறும்போது பழகிய வீட்டுக்குள் வெள்ளம் வந்த மாதிரி இருக்கிறது. இனி என்ன ஆகும் என்று யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை, யாருக்கு ஆகிறது என்பது மட்டும்தான்.

பதில் 2:
எனக்கு ஜாக், ரோஸைவிட மற்றவர்கள்தான். கட்டிலில் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும் வயதான தம்பதி, கீழே தரையில் ஓடும் தண்ணீர். சில நொடிக் காட்சி, அங்கேயே உடைந்துவிடுவேன். நிஜத்திலும் ஐடா ஸ்ட்ராஸ் என்ற அம்மையார் படகில் ஏற மறுத்துக் கணவர் இசிடோருடனேயே இருந்துவிட்டார். வாத்தியக்காரர்கள் எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பலில் 2,200 பேருக்கு மேல், படகு 20, அதில் 1,178 பேருக்குத்தான் இடம். அந்த இடமும் நிரம்பாமல் பிழைத்தது சுமார் 700 பேர். பல படகுகளைப் பாதி காலியாகவே இறக்கியிருக்கிறார்கள், இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் இதையெல்லாம் வெறும் கணக்காகப் படித்தபோது நான் அழவில்லை என்பதும் உண்மை. ஜாக், ரோஸ் இரண்டு பேரின் கையைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் மற்றவர்களும் கண்ணில் பட்டார்கள்.

பதில் 3:
சின்ன வயதில் ஜாக்குக்காக அழுதேன். அப்பா போன வருடம் இறந்தார், அதற்கப்புறம் பார்த்தபோது அழுதது ரோஸுக்காக. அவனுடைய படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, நினைவில் மட்டும்தான் இருக்கிறான் என்று பாட்டியாகிவிட்ட ரோஸ் சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேமரா அவள் படுக்கையருகே இருக்கும் புகைப்படங்கள் மேல் மெதுவாக நகரும், கவனித்தீர்களா? விமானத்தோடு ஒன்று, குதிரை மேல் ஒன்று. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள், அவன் கப்பலில் சொன்ன மாதிரியே. ஒருவர் போன பிறகு அவர் சொன்னதைச் செய்துகொண்டே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை வருவது அங்கேதான், கடலில் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நான்கு முறை பார்த்தும் அந்தப் புகைப்படங்களில் என் கண் நிற்கவே இல்லை. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். குதிரைக்குப் பின்னால் ரோலர் கோஸ்டரும் தெரிகிறது. அதுவும் அவன் சொன்னதுதான்.