ஸ்பீடு ஸ்கேட்டிங்: ஸ்வென் கிராமர் 2010-ல் செய்த தப்பு என்ன?

ஓட்டக்காரன்:
வணக்கம் நண்பர்களே, நான் தடகளம் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். போன வாரம் தூக்கம் வராமல் பழைய குளிர்கால ஒலிம்பிக் வீடியோக்களைப் பார்த்தபோது 2010 வான்கூவர் 10,000 மீட்டர் கண்ணில் பட்டது. நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தில் முடிக்கிறார், பயிற்சியாளர் வந்து ஏதோ சொல்கிறார், உடனே கண்ணாடியைக் கழற்றி வீசுகிறார். தகுதி நீக்கமாம்! யாரையும் இடிக்கவில்லை, விழவும் இல்லை, அப்புறம் என்ன தப்பு? இரண்டு பேர் மட்டும் ஓடுகிறார்களே, தங்கம் யாருக்கு என்று எப்படித் தெரியும்?

பனிப்பாதை:
இது கடிகாரத்தோடு நடக்கும் போட்டி சகோ. இரண்டிரண்டு பேராக வருவார்கள், எல்லா ஜோடியும் முடிந்த பிறகு யாருடைய நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். பாதை 400 மீட்டர், உள் லேன் வளைவு சிறியது, வெளி லேன் வளைவு பெரியது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் இருவரும் லேன் மாற வேண்டும், அப்போதுதான் தூரம் சமமாகும். மாறும்போது வெளியிலிருந்து உள்ளே வருபவருக்குத்தான் முன்னுரிமை.

10,000 மீட்டர் என்றால் 25 சுற்று. கிராமர் உள் லேனிலிருந்து வெளியே போக வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் கெரார்ட் கெம்கர்ஸ் உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டார். கிராமர் கடைசி நொடியில் திரும்பி மறுபடியும் உள்ளே போய்விட்டார், அதாவது வரிசையாக இரண்டு உள் வளைவு, தூரம் குறைந்துபோனது. அவர் நேரம் 12:54.50. தங்கம் கொரியாவின் லீ சுங்-ஹூனுக்குப் போனது, அவர் நேரம் 12:58.55.

லீயைக் குறைவாக நினைக்காதீர்கள். ஷார்ட் டிராக் (சிறிய பாதையில் பலர் ஒன்றாக ஓடும் ஐஸ் ஸ்கேட்டிங்) அணியில் இடம் கிடைக்காமல் 2009-ல்தான் இந்தப் பக்கம் வந்தவர். வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய ஸ்கோப்ரெவும் பாப் டி யோங்கும் மேடையில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், அந்தக் காட்சியை அவசியம் பாருங்கள்.

நெடுந்தூரம்:
எல்லாரும் கெம்கர்ஸைத் திட்டுகிறார்கள், அவரும் தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் எந்த லேன் என்பது ஸ்கேட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதானே?

பனிப்பாதை:
விதிப்படி சரி. ஆனால் பதினைந்து சுற்றுக்கு மேல் இடுப்பு வளைந்த நிலையில் தொடை எரிய ஓடுகிறவன், தெளிந்த தலையோடு வெளியே நிற்கிற ஒருவரை நம்பித்தான் ஓடுகிறான். கிராமரும் அவரை விட்டுப் போகவில்லை, அதன் பிறகும் அவரிடமே பயிற்சி எடுத்தார். 5000 மீட்டரில் 2010, 2014, 2018 என மூன்று தங்கம், 10,000-ல் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நெடுந்தூரம்:
அப்படியென்றால் அமெரிக்க ஸ்பீடு ஸ்கேட்டர் டான் ஜான்சனையும் பாருங்கள். 1988 கால்கரியில் 500 மீட்டர் ஓடும் அன்று காலையில் அக்கா ஜேன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அன்று விழுந்தார், நான்கு நாள் கழித்து 1000 மீட்டரிலும் விழுந்தார். 1992-லும் பதக்கம் இல்லை. 1994-ல் நார்வேயில் 500-லும் தடுமாறிய பிறகு, கடைசி ஓட்டமான 1000 மீட்டரில் 1:12.43, உலக சாதனையோடு தங்கம். அக்கா பெயரையே வைத்த குட்டி மகளைத் தூக்கிக்கொண்டு வலம் வந்தார்.

ஓட்டக்காரன்:
பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. என் மகள் இங்கே ரோலர் ஸ்கேட்டிங் போகிறாள், அதிலிருந்து ஐஸுக்கு மாற முடியுமா?

சக்கரக்கால்:
தாராளமாக. அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கரத்திலிருந்து வந்தவர்தான், ஐஸில் சில மாதப் பயிற்சியிலேயே 2018 அணிக்குள் நுழைந்து, 2022-ல் 500 மீட்டர் தங்கம் வாங்கினார். அதற்கான தகுதிச் சுற்றில் அவர் தடுக்கித் தவறவிட்டபோது, அணித் தோழி பிரிட்டனி போவி தன் இடத்தையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். நம் ஊர் ஆனந்த்குமார் வேல்குமாரை மகளுக்குக் காட்டுங்கள், 2025-ல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கம், அதுவும் சக்கரத்தில். இப்போதைக்கு ஐஸைப் பற்றி யோசிக்க வேண்டாம், முழங்காலை நன்றாக மடக்கித் தாழ்ந்து உட்கார்ந்து, காலைப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளப் பழகட்டும், இரண்டுக்கும் அதுதான் அடிப்படை.