உருவகக் கதை பிறந்தது கவிஞரிடமா, உரைகாரரிடமா?

மருதன்:
உருவகக் கதையைக் கவிஞர்களின் கண்டுபிடிப்பு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அதைப் பெற்றெடுத்தவர்கள் உரைகாரர்கள். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் தெய்வங்கள் தமக்குள் அடித்துக்கொள்வது இழுக்கு என்ற பழி எழுந்தபோது, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ரேகியம் நகரத்து உரைகாரர் தியாகனிஸ், அங்கே மோதுபவை இயற்கையின் பூதங்களே என்றும், ஹெபஸ்டஸ் நெருப்பு, பொசைடன் நீர், ஹீரா காற்று என்றும் பொருள் கூறிக் கவிஞருக்காக வாதாடினார். ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் கலை அந்த வக்காலத்தில்தான் தொடங்குகிறது.

செங்காந்தள்:
இருக்கும் பாட்டின்மேல் பொருளை ஏற்றுவது வேறு, பொருளை உள்ளே வைத்தே பாடுவது வேறு. தியாகனிசுக்கு வெகுகாலம் முன்பே கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், அரசர்களை விளித்து, பருந்தின் நகங்களில் சிக்கி அழும் பறவையின் கதையைச் சொன்னார். நீ பாடகியே ஆனாலும் நான் கொண்டுபோகும் இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும் என்கிறது பருந்து. பாடகி என்ற அந்த விளியிலேயே கவிஞர் தம்மை ஒளித்து வைத்திருக்கிறார்; எந்த உரைகாரரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

நெய்தல்:
குறள் 475-ஐயும் பாருங்கள். மயிலிறகை அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதோடு பாட்டு முடிகிறது. எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலிய அரசன் கெடுவான் என்பதே உட்பொருள்; ஆனால் பாட்டில் அரசனும் இல்லை, பகைவரும் இல்லை, வலியறிதல் என்ற அதிகாரப் பெயரே திறவுகோல். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உணரவைக்கும் இந்த அணியைப் பிறிதுமொழிதல் என்று பரிமேலழகர் குறித்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்.

மருதன்:
அழகான குறள்தான், ஆனால் அதில் கதை நகரவில்லை. ஹெசியோட் சொன்னதோ நீதிக்கதை. பறவை கவிஞர் என்றால் பருந்தின் நகம் எதற்கு நிற்கிறது? உறுப்புக்கு உறுப்பு பொருத்திப் பார்க்கும் பழக்கம் உரைகாரர் தந்தது. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ யூத மறைநூலை அவ்வாறு வாசித்து, கிறித்தவ உரைகாரர்களும் அவ்வழியே சென்ற பிறகுதான், கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூடென்டியஸ் நற்குணங்களும் தீக்குணங்களும் போர்க்களத்தில் பொருதும் ஒரு முழுக் காவியத்தை லத்தீனில் இயற்றினார்.

செங்காந்தள்:
ஃபைலோவுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முந்திய கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவை எங்கே வைப்பீர்கள்? உட்பொருள் இருந்தாலும் இத்தகைய தெய்வக் கதைகள் வேண்டாம், சிறுவர்களுக்கு அதைப் பிரித்தறியத் தெரியாது என்று ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் உரைகாரரின் சமாதானத்தைத் தள்ளியவர், ஏழாம் பகுதியில், குகைச் சிறையில் கட்டுண்டு தீயொளியில் விழும் நிழல்களையே மெய்யென்று நம்புவோரில் ஒருவர் வெளியே ஏறிவரும் குகைக் கதையைத் தாமே புனைகிறார். சிறை கண்ணுக்குத் தெரியும் உலகம், தீ கதிரவன், மேலேறுவது ஆன்மாவின் பயணம் என்று நீங்கள் கேட்கும் பொருத்தமும் அங்கேயே இருக்கிறது. உரைகாரரின் சமாதானத்தை ஏற்காதவர் அவர்களிடமே கடன் வாங்கினார் என்றால், அதை நிறுவுவது உங்கள் பொறுப்பு.