ரெட்யூஸ் மோஷன் போட்டும் வீடியோ மின்னுகிறது: ஒளியால் வரும் வலிப்புக்கு வேறென்ன செய்யலாம்?

கேள்வி:
மகளுக்கு 15 வயது. இஇஜி (மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தபோது மின்னும் விளக்குக்கு மூளை அலைகள் மாறியதால், ஒளி தூண்டும் வலிப்பு என்கிறார் நரம்பியல் மருத்துவர். மாத்திரை தவறுவதில்லை. ஐபோனில் ரெட்யூஸ் மோஷன் போட்டும் வீடியோக்களில் பளிச்பளிச்சென்று வருகிறது. 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர், ப்ளூ கட் கண்ணாடி வாங்கினால் சரியாகுமா?

பதில் 1:
ரெட்யூஸ் மோஷன் ஆப் திறந்து மூடும் அசைவுகளைத்தான் குறைக்கும். அதே மோஷன் பக்கத்தில் 'டிம் ஃபிளாஷிங் லைட்ஸ்' இருக்கும் (ஐஓஎஸ் 16.4 முதல்), அதைப் போடுங்கள். எல்லா ஆப்பும் அதை ஏற்பதில்லை என்பதால், ஒவ்வொரு ஆப்பிலும் ஆட்டோப்ளேயையும் அணைக்க வேண்டும்.

மானிட்டர் வீண் செலவு. பெரும்பாலும் தொல்லை தருவது வினாடிக்கு 3 முதல் 30 மின்னல்கள். 15-20 மிக மோசம். மின்னுவது படம். எந்தத் திரையும் அதை அப்படியே காட்டும்.

பதில் 2:
மின்னல் பார்வைப் பரப்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். இருட்டில் முகத்தருகே போன் வைப்பதுதான் மோசம். அறையில் விளக்கு எரியட்டும், பிரைட்னஸைக் குறையுங்கள், வீடியோ முழுத்திரையில் வேண்டாம். டிவிக்கு 2.5 மீட்டராவது தள்ளி உட்காரட்டும்.

திடீரென மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடி, முகத்தைத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடினால் போதாது. இமை வழியே ஒளி சிவப்பாகப் பரவும். இந்த வலிப்புக்குச் சிவப்புதான் ஒத்துக்கொள்ளாத நிறம்: 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறிமாறி மின்ன, 600-க்கும் மேற்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

ப்ளூ கட் வேறு, ஒளி வலிப்புக்கான அடர்நீலக் கண்ணாடி வேறு. பின்னதையும் மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்னொன்று: இரவு வெகுநேரம் விழித்தால் மறுநாள் காலை பல் துலக்கும்போது கை வெட்டி, பிரஷ் விழுகிறது. இதற்கும் திரைதான் காரணமா?

பதில் 1:
திரை மேல் மட்டும் பழி போடாதீர்கள். எழுந்ததும் கை வெட்டுவது மயோக்ளோனிக் வலிப்பாக (தசைகள் திடீரென வெட்டி இழுக்கும் வகை) இருக்கலாம். தூக்கக் குறைவு அதைக் கிளப்பும். அடுத்த முறை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், எந்த மாத்திரை என்பதே அதனால் மாறலாம். அதுவரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முழு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்; 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.